மாங்காய், பரிசல், களி உருண்டை: குரோஷா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிருஷ்ணகிரி மாவட்டக் காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மதியங்களில் ஏழெட்டுப் பேர் குரோஷா ஊசியோடு உட்காருகிறோம். பின்னுவது பெரும்பாலும் வீட்டு அலங்காரப் பொருள்கள். மாதிரிக்கு எடுத்துக்கொள்வது அடுக்களையிலும் சந்தையிலும் தினமும் கண்ணில் படும் சாமான்கள். புதிதாக வருகிறவர்கள் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருப்பதால் பதில்களை எழுதி வைத்துவிட்டேன். பாதிப் பதில்கள் என் தவறுகளிலிருந்து வந்தவை.

ஸ்வெட்டர் பின்னுவதும் குரோஷாவும் ஒன்றா?

இல்லை. ஸ்வெட்டருக்கு இரண்டு ஊசிகள் வேண்டும். ஒரு வரிசைக் கண்ணிகள், அதாவது நூல் வளையங்கள், முழுவதும் ஊசியிலேயே காத்து நிற்கும். குரோஷாவில் ஒரே ஊசிதான், அதன் நுனியில் ஒரு கொக்கி. ஒரு கண்ணியை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போகிறோம். ஆகவே குழந்தை வந்து ஊசியை உருவிவிட்டாலும் ஒரு கண்ணிதான் போகும். பிரெஞ்சில் ‘குரோஷே’ என்ற சொல்லுக்கே சின்னக் கொக்கி என்றுதான் பொருள்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. திருப்பூரில் ஓடும் பின்னலாடை எந்திரங்கள் ஸ்வெட்டர் வகைப் பின்னலைப் போடும். கை போடுகிறபடியே குரோஷா போடும் எந்திரம் இன்னும் சந்தைக்கு வரவில்லை. கடையில் தொங்கும் குரோஷாப் பை எங்கிருந்து வந்திருந்தாலும், யாரோ ஒருவர் உட்கார்ந்து கையால் பின்னியதுதான். ஆந்திரத்தில் நரசாபுரம் பகுதிப் பெண்கள் 19ஆம் நூற்றாண்டில் மிஷனரிகள் வழியாக வந்த இந்த வேலையை இன்றுவரை செய்கிறார்கள். 2024இல் அவர்களுடைய லேஸ் பின்னலுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. நம் பக்கம் அப்படிப்பட்ட மரபு எதுவும் இல்லை. என் சிறுவயதில் டிவிப் பெட்டியின் மேல் கிடந்த வெள்ளை விரிப்பு ஒன்றுதான் எங்கள் வீட்டின் குரோஷா வரலாறு.

கள்ளிச்செடி, டோனட், ஸ்ட்ராபெர்ரி எல்லாம் அழகாக இருக்கின்றனவே. மாங்காயும் உறியும் எதற்கு?

டோனட் பின்ன ஆசையென்றால் பின்னுங்கள், யார் தடுக்கப்போகிறார்கள்? ஆனால் நான் டோனட்டைக் கையில் பிடித்தது வாழ்க்கையில் இரண்டு முறை. படத்தைப் பார்த்துப் பின்னும்போது, படம் எடுத்தவர் காட்டாத பக்கம் நமக்குத் தெரியாது. கையில் புழங்கும் பொருள் என்றால் அதன் அடிப்பக்கமும் கனமும் தழும்பும் தெரியும்.

பெங்களூரா மாங்காயையே எடுத்துக்கொள்ளுங்கள். கிளிமூக்கு என்று சொல்வோமே, அதுதான். கிருஷ்ணகிரிச் சுற்றுவட்டாரத்து மாம்பழக்கூழ் ஆலைகளுக்கு லாரி லாரியாகப் போவது. பிறந்ததிலிருந்து அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ஆனாலும் முதல் முறை பின்னியபோது மூக்கை நுனியில் நட்டநடுவே வைத்தேன். பார்த்த என் அத்தை, “இது என்ன, கத்தரிக்காயா?” என்று கேட்டார். பிறகு ஒரு கூடைக் காயைத் தரையில் வரிசையாகப் பரப்பி உட்கார்ந்து பார்த்தேன். ஒரு பக்கம் ஏறக்குறைய நேராக இறங்குகிறது. மறுபக்கம் வயிறு தள்ளி, பிறகு உள்வாங்கி, அந்தப் பள்ளத்துக்கு அடியில் மூக்கு முளைக்கிறது. அந்தப் பள்ளம் இல்லாவிட்டால் கிளிமூக்கே இல்லை. ஊசியைத் தொடும் முன் பொருளைப் பத்து நிமிடம் பாருங்கள் என்று நான் நச்சரிப்பதற்குக் காரணம் இதுதான்.

எந்தப் பொருள்கள் பின்னலுக்கு ஒத்துவரும்?

ஏற்கெனவே பின்னியோ முறுக்கியோ கட்டியோ செய்த சாமான்கள் முதல் தரம்: உறி, புரிமணை, சும்மாடு, முறம், பரிசல். உறியைப் பின்னிப் பூந்தொட்டியைத் தொங்கவிடலாம். தயிர்ச்சட்டி தொங்கிய இடத்தில் மணிபிளான்ட் தொங்கும். அடுத்தது உருண்டு திரண்ட காய்கள்: மாங்காய், தக்காளி, பூசணி. வளைந்து வளைந்து முண்டு முண்டாக இருக்கும் புளியங்காய் பார்க்கக் கடினமாகத் தெரியும். உண்மையில் சிறு சிறு உருண்டைகளை ஒன்றோடொன்று தொடுத்ததுதான். வாசல் தோரணத்துக்கு அதைவிட அழகானது இல்லை என்பது என் கட்சி.

ஒத்துவராதவை, கனத்தால் மதிப்புப் பெற்ற சாமான்கள். ஒருமுறை அம்மியும் குழவியும் பின்னினேன். தலையணையும் திண்டும் போல் இருந்தன. பித்தளைச் சொம்பின் உருவம் வரும், பளபளப்பு வராது. மஞ்சள் நூலில் பின்னிவிட்டுச் சொம்பு என்று நாமே சொல்லிக்கொள்ள வேண்டியதுதான்.

எதைப் பின்னுவது என்று தோன்றாவிட்டால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சம்பள்ளிச் சந்தையைச் சுற்றி வாருங்கள். வாங்க வேண்டியதில்லை, கூடை, கயிறு விற்கிறவர்களிடம் கொஞ்ச நேரம் நின்றாலே போதும்.

எந்த நூல், எந்த ஊசி?

கடையில் ‘உல்லன் நூல்’ என்று கேட்டால் கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். ஆட்டு ரோமத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. விலை குறைவு, நிறங்கள் அதிகம், பழகுவதற்கு நல்லது. ஆனால் சூடு பட்டால் உருகும். சூடான பாத்திரம் வைக்கும் புரிமணையைப் பருத்தி நூலில்தான் பின்ன வேண்டும், அதுவும் இரண்டு அடுக்காக. இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பழகுகிறவர்கள் 3.5 அல்லது 4 மில்லிமீட்டர் ஊசியில், வெளிர்நிற நூலில் தொடங்குங்கள். கறுப்பு நூலில் கண்ணியே தெரியாது. மின்சாரம் போன மாலையில் அழுகைதான் வரும். பஞ்சு அடைக்கும் பொருளுக்கு நூல் கேட்பதைவிடச் சிறிய ஊசி, 2.5 போல, எடுத்தால் பின்னல் நெருக்கமாகி உள்ளிருக்கும் பஞ்சு எட்டிப் பார்க்காது. இலவம்பஞ்சு வீட்டில் இருக்கிறதே என்று நேரடியாக அடைத்துவிடாதீர்கள். அதன் இழை மிக நுண்ணியது, கண்ணி வழியே கசிந்து கொண்டே இருக்கும். மெல்லிய துணிப்பைக்குள் போட்டுத் தைத்து உள்ளே வையுங்கள், அல்லது தலையணைக்குப் போடும் பாலியெஸ்டர் பஞ்சை வாங்குங்கள்.

வட்டம் போட்டால் எனக்கு மட்டும் கிண்ணமாகிறது. பக்கத்தில் இருப்பவருக்குச் சுருக்கம் விழுகிறது. ஏன்?

கணக்குத்தான். சிங்கிள் என்பது குரோஷாவின் அடிப்படையான குட்டைப் பின்னல். அதில் ஒரு கண்ணியின் அகலமும் உயரமும் கிட்டத்தட்டச் சமம். ஒவ்வொரு சுற்றிலும் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி அளவு கூடுகிறது. ஆரம் ஒன்று கூடினால் சுற்றளவு இரண்டு பை, அதாவது 6.28 கூடும் என்று பள்ளியில் படித்தோமே, அதேதான். கூட்டுவது என்றால் ஒரே கண்ணியில் இரண்டு பின்னுவது. ஆகவே சுற்றுக்கு ஆறு கண்ணி கூட்டினால் வட்டம் தட்டையாகக் கிடக்கும்: 6, 12, 18, 24, 30, 36. டபுள் பின்னல் உயரமானது என்பதால் பன்னிரண்டில் தொடங்கிப் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கூட்ட வேண்டும்.

கூட்டுவது குறைந்தால் விளிம்பின் நீளம் போதாமல் மேலே எழும்பிக் கிண்ணமாகும். அதிகமானால் இடமில்லாமல் மடிந்து சுருங்கும். இந்த இரண்டும் தவறு என்று நினைக்காதீர்கள். கிண்ணம் வேண்டும்போது முதலாவது வேண்டும்.

இரண்டாவதற்கு ஒரு கதை இருக்கிறது. வளைந்து வளைந்து விரியும் ஹைப்பர்போலிக் தளத்தைக் கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரியாக எப்படிக் காட்டுவது என்பது கணித ஆசிரியர்களுக்குத் தலைவலியாக இருந்தது. காகிதத்தில் செய்தால் கிழிந்துவிடும். 1997இல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இருந்த டைனா டைமினா என்ற லாட்விய நாட்டுக் கணித அறிஞர் அதைக் குரோஷாவில் பின்னிக் காட்டினார். கண்ணிகளை ஒரே விகிதத்தில் கூட்டிக்கொண்டே போவதுதான் அவர் செய்தது. இதை அறிந்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கோழிக்கொண்டைப் பூ. பூச்சந்தையில் குவித்து வைத்திருப்பார்களே, அந்தச் சிவப்பு மடிப்பு முழுவதும் இதே கணக்குத்தான். 20 சங்கிலி, அதாவது ஒன்றுக்குள் ஒன்றாக இழுத்த கண்ணிகள், போடுங்கள். ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு இரண்டாகப் பின்னுங்கள்: 40, 80, 160, 320. நான்காவது வரிசையில் கை சலித்துவிடும். ஆனால் மடிப்பு தானாகவே விழுந்திருக்கும். அடியைச் சேர்த்துத் தைத்துப் பச்சைக் காம்பு வைத்தால் வாடாத கோழிக்கொண்டை.

முதலில் எதைப் பின்னுவது?

களி உருண்டை. சிரிக்காதீர்கள். உருண்டை வந்துவிட்டால் தக்காளி, பூசணி, எலுமிச்சை எல்லாம் அதிலிருந்து பிறக்கும்.

இழுத்தால் இறுகும் நூல் வளையமான மேஜிக் ரிங்கில் 6 சிங்கிள். பிறகு சுற்றுக்கு ஆறு கூட்டி 30 வரை போங்கள். ஐந்து சுற்று கூட்டாமல் குறைக்காமல் பின்னுங்கள். பிறகு அதே படிகளில் இறங்குங்கள்: 24, 18, 12, 6. 12க்கு வரும்போது பஞ்சு அடைக்க வேண்டும். குறைக்கும்போது இரண்டு கண்ணிகளின் முன்பக்க இழைகளை மட்டும் கோத்து ஒன்றாக்கினால் ஓட்டை தெரியாது.

நிறம்தான் சோதனை. கேழ்வரகுக் களியின் நிறம் கடையில் எந்தப் பிரவுன் நூலிலும் இல்லை. கரும்பழுப்பு இழை ஒன்றும் சாம்பல் இழை ஒன்றும் சேர்த்துப் பிடித்துப் பின்னினேன். அதன் பிறகுதான் சட்டியிலிருந்து இப்போது எடுத்து உருட்டியது போல் இருந்தது. மேலே கட்டைவிரலால் ஒரு குழி அழுத்தி, இரண்டு தையலில் அதை நிறுத்திவிடுங்கள். குழம்பு ஊற்ற இடம் வேண்டுமே.

கிளிமூக்கு மாங்காயின் கணக்கைச் சொல்ல முடியுமா?

சொல்கிறேன். பருத்தி நூல், 2.5 ஊசி, மூக்கைத் தவிர எல்லாம் சிங்கிள். காம்புப் பக்கத்திலிருந்து தொடங்கி 6, 12, 18, 24, 30, 36 வரை வந்துவிடுங்கள். பிறகு ஆறு சுற்று 36 ஆகவே போகட்டும், அது வயிறு. இதுவரை களி உருண்டைதான்.

பதின்மூன்றாவது சுற்றிலிருந்து ஒரு பக்கம் மட்டும் குறைக்க வேண்டும். முதல் 18 கண்ணிகளைத் தொடாமல் அப்படியே பின்னுங்கள். அது நேராக இறங்கும் பக்கம். மீதி 18இல் ஒரு குறைப்பு, நான்கு சாதாரணம் என்று மூன்று முறை, மொத்தம் 33. அடுத்த சுற்றிலும் முதல் 18 அப்படியே, பிறகு ஒரு குறைப்பு, மூன்று சாதாரணம், மூன்று முறை, 30. அதற்கடுத்து இடையில் இரண்டு விட்டு 27, ஒன்று விட்டு 24. காய் ஒருபக்கமாகச் சாய்ந்து பள்ளம் விழுவது கையிலேயே தெரியும். இனி முழுச் சுற்றிலும் ஒரு குறைப்பு, இரண்டு சாதாரணம் என்று 18க்குக் கொண்டுவந்து பஞ்சு அடையுங்கள். பிறகு ஒரு குறைப்பு, ஒரு சாதாரணம் என்று 12.

இப்போது மூக்கு. இந்த 12இல் பள்ளப் பக்கத்து ஆறில் மிகக் குட்டையான ஸ்லிப் தையலும், நேர்ப் பக்கத்து ஆறில் சிங்கிளைவிட உயரமான ஹாஃப் டபுளும் போட்டு இரண்டு சுற்று வாருங்கள். ஒரு பக்கம் குட்டை, ஒரு பக்கம் நெட்டை. ஆகவே நுனி குட்டைப் பக்கம் வளைந்துதான் ஆக வேண்டும். பிறகு நூலைக் கோத்து இழுத்து மூடுங்கள்.

ஒரு எச்சரிக்கை: சுருளாகப் பின்னும்போது சுற்றின் தொடக்கம் மெல்ல மெல்ல ஒருபுறமாக நகரும். ஊக்கு குத்தி எண்ணினாலும் உங்கள் பள்ளம் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு போகும். குறைக்கும் சுற்றுகளில் தொடக்கத்தை ஒரு கண்ணி தள்ளி வைத்துச் சரிசெய்யலாம். நான் செய்வதில்லை. தோப்பில் எந்தக் காய் முறுக்கில்லாமல் நேராக இருக்கிறது?

நிறத்துக்குப் பச்சையில் தொடங்கி, வயிற்றில் மஞ்சள் இழை ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒகேனக்கல் பரிசல் போல் கூடை பின்ன முடியுமா?

முடியும். என் முதல் பரிசல் மூழ்கியது என்றே சொல்ல வேண்டும். அக்ரிலிக் ஒற்றை இழையில் பின்னி, சாவி போட்டு வைக்கலாம் என்று மேசைமேல் வைத்தேன்; காலையில் பார்த்தால் ஊத்தப்பம் போல் படுத்திருந்தது.

உண்மைப் பரிசல் எப்படி நிற்கிறது என்று அடுத்த முறை ஒகேனக்கல் போனபோது கவனித்தேன். கவிழ்த்து வைத்திருக்கும்போது வெளியே தெரிவது தார் பூசிய உறைதான். உள்ளே மூங்கில் பட்டைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, விளிம்பில் கனமான ஒரு வளையத்தில் முடிகின்றன. பட்டைப் பின்னலும் அந்த வளையமும் சேர்ந்துதான் உருவத்தைப் பிடித்து நிறுத்துகின்றன. நம் கூடைக்கும் அந்த இரண்டும் வேண்டும்.

இரண்டு இழை சேர்த்துப் பிடியுங்கள். டபுள் பின்னலில் 12, 24, 36, 48, 60, 72 என்று ஆறு சுற்றில் அடிப்பாகம். பிறகு கூட்டக் கூடாது. சுவரில் மூன்று டபுளைக் கீழ்வரிசைக் கண்ணித் தண்டின் முன்பக்கமாகச் சுற்றி எடுங்கள், அடுத்த மூன்றைப் பின்பக்கமாக. 72 ஆறால் வகுபடும் என்பதால் கணக்கு சரியாக முடியும். இரண்டு சுற்றுக்கு ஒருமுறை முன்னதைப் பின்னாகவும் பின்னதை முன்னாகவும் மாற்றினால் மூங்கில் பட்டை மேலும் கீழும் போவது போலவே தெரியும். நான்கு சுற்று போதும். பரிசல் ஆழமானது இல்லை.

கடைசிச் சுற்றுக்கு நான் உள்ளே வைத்துப் பின்னுவது ஒயர் கூடை போடும் பிளாஸ்டிக் ஒயர். இரண்டு மூன்று இழையை வளையமாக்கி, அதன்மேல் சிங்கிள் போட்டு மூடிவிடுவேன். அதற்குப் பிறகு படுக்கவே இல்லை. இப்போது அதில் வெங்காயமும் பூண்டும் கிடக்கின்றன.

விறைப்பாக நிற்க வேறு வழி உண்டா?

ஜவ்வரிசிக் கஞ்சி. சேலம், தருமபுரிப் பக்கத்து மரவள்ளிக் கிழங்கில் வந்த ஜவ்வரிசி வீட்டில் எப்போதும் இருக்கும். இரண்டு டீஸ்பூனை ஒரு டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, கண்ணாடி போல் ஆகும்வரை காய்ச்சி வடிகட்டுங்கள். பின்னலை முக்கிப் பிழிந்து, பாலித்தீன் போர்த்திய கிண்ணத்தின்மேல் கவிழ்த்து வெயிலில் வையுங்கள். பருத்தியில்தான் இது நன்றாகப் பிடிக்கும். மழைக்காலத்தில் பூஞ்சையும் கரப்பானும் தேடி வரும் என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் நான் கஞ்சி போடுவதில்லை.

வீடியோ பார்த்துச் சரியாகத்தான் பின்னினேன். அளவு இரண்டு மடங்காகிவிட்டது. ஏன்?

அமெரிக்கர்கள் சிங்கிள் என்று சொல்வதைப் பிரிட்டிஷ்காரர்கள் டபுள் என்பார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டிஷ் ட்ரெபிள். பழைய புத்தகங்களில் பிரிட்டிஷ் முறையைப் பார்க்கலாம், வீடியோக்களில் பெரும்பாலும் அமெரிக்க முறை. அடையாளம் சுலபம்: குறிப்பில் எங்காவது ‘சிங்கிள்’ என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை, பிரிட்டிஷ் முறையில் அந்தச் சொல்லே கிடையாது. இந்தப் பக்கத்தில் நான் சொல்வதும் அமெரிக்கக் கணக்குத்தான்.

எனக்கு இடதுகைப் பழக்கம். கற்றுக்கொள்ள முடியுமா?

தாராளமாக. எதிரில் உட்கார்ந்து கண்ணாடியில் பார்ப்பது போல் பாருங்கள். உங்கள் மாங்காயின் மூக்கு மறுபக்கம் திரும்பும், அவ்வளவுதான்.

கைக்குழந்தை இருக்கும் வீட்டில் வைக்கலாமா?

பொத்தான், மணி, ஊக்கு எதுவும் இல்லாமல் பின்னினால் வைக்கலாம். களி உருண்டையைத்தான் குழந்தைகள் முதலில் வாயில் வைக்கும்.

என்ன விலைக்கு விற்பது?

இந்தக் கேள்வி வந்ததும் திண்ணை அமைதியாகிவிடும். நூல் விலையை மூன்றால் பெருக்கு என்று சிலர் சொல்வார்கள். அது சரிப்படாது. ஒரு மாங்காய்க்கு நூல் கொஞ்சம்தான், எனக்கு முழுதாக மூன்று மணி நேரம் பிடிக்கிறது. மூன்று மணி நேரத்துக்குக் களை எடுக்கப் போனால் என்ன கூலி கிடைக்குமோ, அதற்குக் குறைந்து நான் விற்பதில்லை. நூலும் பஞ்சும் தனி.

ஒரு கண்காட்சியில் மாங்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்த பெரியவர் ஒருவர், “இந்த விலைக்கு ஒரு கூடைக் காய் வருமேம்மா” என்றார். வரும்தான். விளைச்சல் கூடிய ஆண்டில் அதைவிட மலிவாகவும் வரும். ஆலை வாசலில் லாரியை நிறுத்திக்கொண்டு, சொன்ன விலைக்குக் காயைக் கொட்டிவிட்டு வந்த என் அப்பாவைப் பார்த்திருக்கிறேன். விலையை வாங்குகிறவர் சொல்வதற்கும் நாம் சொல்வதற்கும் உள்ள வேறுபாடு எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெரியவரிடம் நான் விலையைக் குறைக்கவில்லை. அவர் வாங்கவும் இல்லை. அன்று மாலை அவருடைய மருமகள் வந்து இரண்டு வாங்கிக்கொண்டு போனாள்.

தெரிந்தவர்களுக்கு விலை சொல்லக் கூசினால் இனாமாகக் கொடுத்துவிடுங்கள். பாதி விலைக்கு மட்டும் கொடுக்காதீர்கள்; அதுவே உங்கள் விலையாகிவிடும், உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பின்னுகிறவரின் விலையும் அதுவாகிவிடும்.

எப்படித் துவைப்பது?

முதலில் சாயத்தைச் சோதியுங்கள். ஈரமான வெள்ளைத் துணியால் நூலை அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். பாலக்கோட்டுத் தக்காளி என்று ஆசையாகச் செக்கச் செவேலென்று பின்னி, வெள்ளை விரிப்போடு சேர்த்து ஊறவைத்தேன். விரிப்பு ரோஸ் நிறமானது. உப்பும் வினிகரும் போட்டால் சாயம் நிற்கும் என்றார்கள், எனக்கு நிற்கவில்லை.

பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் ஷாம்பு போட்டு அலசி, முறுக்காமல் துண்டில் சுற்றி அழுத்துங்கள். பஞ்சு அடைத்ததை நிழலில் இரண்டு நாள் உலரவிடுங்கள். வெளியே காய்ந்தது போல் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். முறத்தில் படுக்க வைப்பதே நல்லது. மாங்காயை மட்டும் மூக்கில் கிளிப் போட்டுக் கொடியில் தொங்கவிடாதீர்கள். மூக்கு நீண்டு முருங்கைக்காயாகிவிடும்.